கடல் பயணச் சொற்களைப் படிப்பது எப்படி? கரையிலிருந்து கரை வரை ஒரு முழு வழிகாட்டி

கடல் சம்பந்தமான தமிழ்ச் சொற்களைத் தேடினால் பெரும்பாலும் ஓர் அகரவரிசைப் பட்டியல்தான் கிடைக்கும். அலை, ஓடம், கப்பல், துடுப்பு, நங்கூரம், படகு என்று போகும். படித்து மூடினால் மறுநாள் பாதி மறந்திருக்கும். மறக்காத பாதியை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் கை நிற்கும். நங்கூரத்தைப் போடுவார்களா, பாய்ச்சுவார்களா? பாயை விரிப்பார்களா, ஏற்றுவார்களா? கப்பல் கரை தட்டுமா, தரை தட்டுமா? பட்டியலில் இதற்கெல்லாம் பதில் இருக்காது.

அதனால் இங்கே வேறு முறை. ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு, புறப்படும் கரையிலிருந்து சேரும் கரை வரை சொற்களைப் பொறுக்கிக்கொண்டே போவோம். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதலில் பெயர்ச்சொல், அடுத்து அதோடு சேரும் வினைச்சொல், மூன்றாவதாக அது புழங்கும் இடம்: கடற்கரையா, செய்தித்தாளா, செய்யுளா. நடுக்கட்டம்தான் முக்கியம். அது காலியாக இருக்கும் சொல் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கற்பனைக் கடல் வேண்டாம். வரைபடத்தில் விரல் வைக்கக்கூடிய தடமாக இருக்கட்டும். நான் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைத் தடத்தை எடுத்துக்கொள்கிறேன். 2023 அக்டோபர் 14 அன்று இங்கே பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. முதலில் ஓடிய கப்பல் செரியாபாணி. 2024 ஆகஸ்டில் சேவை மறுபடி தொடங்கியபோது சிவகங்கை. தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல்.

பழைய தடம்தான் பிடிக்கும் என்றால் போட் மெயில் இருக்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேரலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிந்தது. மலாயா, சிங்கப்பூர் குடும்பக் கதைகள் உள்ளவர்கள் சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போன ராஜுலா கப்பலின் தடத்தை எடுக்கலாம். தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘கப்பலேறிப் போனார்’ என்பார்களே தவிர ‘கப்பலில் பயணம் செய்தார்’ என்று சொல்ல மாட்டார்கள். கப்பலுக்கு வினை, ஏறுதல். நடுக்கட்டத்தில் முதல் பதிவு இதுதான்.

தடத்தில் உள்ள ஊர்ப்பெயர்களே ஒரு பாடம். துறை என்பது கலங்கள் வந்து ஒதுங்கும் இடம்: காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை. பட்டினம் என்றால் கடற்கரை நகரம்: நாகப்பட்டினம், காயல்பட்டினம், அதிராம்பட்டினம். பட்டணம் பொதுவாக எந்த நகரத்துக்கும் வரும், பேச்சில் இரண்டும் கலந்துவிடும். நிலம் கடலுக்குள் நீண்டு முடிகிற இடம் கோடி அல்லது முனை: தனுஷ்கோடி, கோடியக்கரை. ஆறு கடலில் விழும் இடம் கழிமுகம் அல்லது முகத்துவாரம்.

படி 2: எதில் ஏறுகிறீர்கள்?

படகு, கப்பல் என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு பலரும் முழுக்கதை எழுதிவிடுகிறார்கள். கரையில் அது போதாது. கட்டுமரம் என்பது மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியது. அலை மேலே ஏறி இடுக்கு வழியாக வடிந்துபோகும். அதனால் கட்டுமரத்துக்குள் தண்ணீர் புகுந்தது என்று எழுதினால் கடற்கரைக்காரர் சிரிப்பார். உள்ளே குழிவான வள்ளத்துக்குள் தண்ணீர் புகும். பாக்கு நீரிணைப் பக்கம் வத்தை என்பார்கள். தோணி இடத்துக்கு இடம் அளவு மாறும் சொல்: சில ஊர்களில் சின்ன ஓடம், தூத்துக்குடியில் தோணி என்றால் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய மரக்கலம். தூத்துக்குடிக் கதையில் ‘சிறிய தோணியில் இருவர் துடுப்புப் போட்டார்கள்’ என்று எழுதும் முன் யோசியுங்கள்.

செய்தித்தாளில் வரும் பிரிவு வேறு. இயந்திரம் பொருத்திய பெரிய மீன்பிடிப் படகு விசைப்படகு, சிறியது நாட்டுப்படகு, இப்போது கரையெல்லாம் நிறைந்திருப்பது ஃபைபர் படகு. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: துறைமுகத்தில் பெரிய கப்பலைக் கட்டி இழுத்து வரும் படகையும் இழுவைப் படகு என்கிறார்கள், இழுவை மடி (இழுத்துப் போகும் வலை) போடும் மீன்பிடிப் படகையும் சிலர் அப்படியே எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் இரண்டாவதை ‘இழுவைமடிப் படகு’ என்று பிரித்து எழுதுங்கள். சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், சொகுசுக் கப்பல், நீர்மூழ்கிக் கப்பல் இவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இலங்கையில் ஒரு அழகான சொல் உண்டு: பாதை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவைத் தட்டுக்கு அதுதான் பெயர். ‘பாதை இன்றைக்கு ஓடவில்லை’ என்று அங்கே சொன்னால் சாலையைத் தேடாதீர்கள்.

படி 3: கலத்தைச் சுற்றிப் பாருங்கள்

முன்பக்கம் அணியம். பின்பக்கம் கடையால், ஊரைப் பொறுத்து கடையா, கடையார் என்றும் காதில் விழும். அடியில் முதுகெலும்பாக ஓடும் மரம் ஏரா. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புபோல் எழும் சட்டங்கள் வங்கு. மேலே பாய்மரம், பாயைத் தாங்கும் குறுக்கு மரமாகிய பருமல், பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு. நங்கூரத்தில் கட்டும் தடித்த கயிற்றுக்கு ஆலாத்து என்று பழைய பெயர். திசை திருப்புவது சுக்கான்.

இவற்றுக்கான வினைகள்: பாயை ஏற்றுவது அல்லது விரிப்பது, காற்று கூடினால் சுருக்குவது, கரை வந்தால் இறக்குவது. சுக்கானைப் பிடிப்பது, திருப்புவது. துடுப்பு போடுவது, வலிப்பது. நங்கூரம் போடுவது, பாய்ச்சுவது, புறப்படும்போது தூக்குவது. ‘நங்கூரத்தை விட்டார்கள்’ என்றால் கயிறு அறுந்து போய்விட்டதோ என்று தோன்றும்.

சுக்கான் அரபிலிருந்தும் நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. அதனால் இவற்றை விலக்கித் தனித்தமிழில் எழுத வேண்டும் என்று சிலர் கிளம்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல நாட்டவரும் ஒரே தளத்தில் வேலை பார்த்த இடம் கடல். அங்கே சொல்லும் சரக்கோடு சேர்ந்து கைமாறும். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குள் போய்க் குடியேறவில்லையா?

படி 4: ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாலுமி எல்லோருக்கும் தெரிந்த சொல்; இதுவும் அரபு முஅல்லிமிலிருந்து வந்தது. தூத்துக்குடித் தோணியின் தலைவர் தண்டல். அதே ஆள் யாழ்ப்பாணத்தில் தண்டையல். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அது அட்லாண்டிக்கைக் கடந்து 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. ஓட்டிப்போனவர்கள் யாழ்ப்பாணத்துத் தண்டையலும் மாலுமிகளும்தான். தண்டையல் என்ற சொல்லுக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீராவிக் கப்பல்களில் தளத்து வேலையாட்களுக்குத் தலைவர் சாரங்கு, வேலையாட்கள் கலாசிகள். கப்பலைச் செலுத்துபவரைக் குறிக்கும் மீகாமன், நூல்களில் வரும் சொல். இன்றைய கப்பலுக்கு கேப்டன் என்றே எழுதுங்கள், ‘மீகாமன் அறிவித்தார்’ என்று செய்தி வாசித்தால் நாடக மேடை ஞாபகம் வரும். சுமத்திராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் மரக்கல நாயன், அதாவது கப்பல் தலைவன், என்ற பெயர் இருக்கிறது. சோழர் காலத்துக் கதை எழுதுபவருக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

படி 5: காற்றும் நீரும்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். கடல் பயணச் சொற்களில் தமிழின் செல்வம் பெரும்பாலும் இங்கேதான்.

நூல் வழக்கில் நான்கு காற்று: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கரையில் இந்த நான்கில் இரண்டு மாறிவிடும். தென்றலை மீனவர் அதிகம் பேசமாட்டார்கள்; தெற்குப் பக்கத்துக் காற்று சோழகம். மேற்குக் காற்று கச்சான். ஆக, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்பது கடலோர வரிசை. காற்றின் பெயர் எப்போதும் அது வரும் திசையைச் சொல்லும், போகும் திசையை அல்ல. வாடையில் பாய் விரித்தால் தெற்கே போவது எளிது. வடக்கே போகப் படாதபாடு படவேண்டும்.

காற்றுக்கு வினைகள்: வீசும், அடிக்கும், எழும்பும், திரும்பும், விழும். ‘காற்று விழுந்துவிட்டது’ என்றால் நின்றுபோயிற்று என்று பொருள். பாய்க்கப்பல் காலத்தில் இதைவிடக் கவலையான வாக்கியம் குறைவு.

நீரோட்டத்துக்குக் கரையில் நீவாடு என்று பெயர். வடக்கிலிருந்து வருவது வாநீவாடு, தெற்கிலிருந்து வருவது சோநீவாடு. வாடையின் வா, சோழகத்தின் சோ என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழம்பாது. கரை எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறதோ அதற்கேற்ப ஊருக்கு ஊர் திசை சற்று நகரும், அதனால் ஒரு குறிப்பிட்ட ஊரைப் பற்றி எழுதினால் அந்த ஊர்க்காரரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

கடல் மட்டம் ஏறி இறங்குவது ஓதம். பாடப்புத்தகத்தில் உயர் ஓதம், தாழ் ஓதம், பேச்சில் ஏற்றம், வற்றம். கடல் உள்வாங்கியது, கடல் சீறுகிறது, கடல் கொந்தளிக்கிறது என்பவை செய்திகளில் தினம் வருபவை. அண்மையில் பரவிய ஒரு சொல் கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து, உள்ளூரில் காற்றே இல்லாதபோது கரையில் ஏறிவிடும். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் அந்தப் பெயர். கேரள மீனவர் பேச்சிலிருந்து வந்து, இப்போது கன்னியாகுமரி எச்சரிக்கைகளில் நிலைத்துவிட்டது.

படி 6: அளவுகள்

ஆழத்தைக் கரையில் பாகம் என்றும் மார் என்றும் அளப்பார்கள். கனமான ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அது தரையைத் தொட்டதும் கயிற்றை மேலே இழுக்கும்போது இரண்டு கையையும் அகல விரித்து, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வீச்சு, மறுபடி ஒரு வீச்சு என்று எண்ணுவார்கள். ஒரு வீச்சு ஒரு மார். ஏறக்குறைய 6 அடி. உடம்பே அளவுகோல் என்பதால் இருட்டிலும் கணக்கு தவறாது.

தூரத்துக்குக் கடல் மைல்: 1,852 மீட்டர். சாலை மைலைவிட நீளம். பூமியின் அட்சரேகையில் ஒரு கலைக்கு (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) உரிய தூரம் அது, அதனால்தான் மாலுமிகளுக்கு வசதி. வேகத்துக்கு நாட், மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். பழைய மேற்கத்திய கப்பல்களில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றைப் பின்னால் ஓடவிட்டு, 28 விநாடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கை கடந்தது என்று எண்ணினார்கள். முடிச்சின் எண்ணிக்கையே வேகம்; முடிச்சுக்கு ஆங்கிலத்தில் நாட். நாட் என்பதிலேயே ‘மணிக்கு’ அடங்கிவிட்டது, ‘மணிக்கு 15 நாட்’ என்று எழுதக்கூடாது. நம் தடத்தில் போட்டுப் பாருங்கள்: 60 கடல் மைல், வேகம் 15 நாட், நேரம் 4 மணி. கிலோமீட்டரில் 111.

படி 7: ஆபத்துச் சொற்கள்

அடிப்பகுதி மணலிலோ பாறையிலோ சிக்கி நின்றால் கப்பல் தரை தட்டியது. கரைக்கு இழுபட்டு வந்து நின்றால் கரை ஒதுங்கியது. ஒருபக்கம் சரிந்து புரண்டால் கவிழ்ந்தது. உள்ளே போய்விட்டால் மூழ்கியது. நான்கும் வெவ்வேறு. ‘கவிழ்ந்து மூழ்கியது’ என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம், வரிசையை மாற்ற முடியாது. காற்றும் நீவாடும் இழுத்த பக்கம் போனால் திசை மாறியது, தத்தளித்தது.

தமிழ்ச் செய்திகளுக்கே உரிய ஒரு தொடர்: ‘பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’ உருளை, கூம்பு வடிவக் கூண்டுகளைப் பகலில் கம்பத்தில் தொங்கவிடுவார்கள், இரவில் விளக்குகள். எண்களுக்கு அர்த்தம் இருக்கிறது. 1, 2 என்றால் தொலைவில் கடலில் வானிலை மோசம். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 5, 6, 7 அபாயம்: புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைப் பொறுத்து எண் மாறும், 7 என்றால் நேராகவோ மிக அருகிலோ வருகிறது. 8, 9, 10 அதே வரிசையில் பெரும் அபாயம். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது. கூண்டு ஏற்றுவது, இறக்குவது; ‘கூண்டு வைத்தார்கள்’ என்று எழுதினால் கிளிக்கூண்டு ஆகிவிடும்.

படி 8: துறைமுகமும் காகிதங்களும்

இது சீக்கிரம் முடியும். படகில் ஏறி இறங்கும் மேடை தமிழ்நாட்டில் படகுத்துறை அல்லது ஜெட்டி, இலங்கையில் இறங்குதுறை. கலங்கரை விளக்கம், மிதவை, சுங்கம், சரக்குப்பெட்டகம் ஆகியவை எங்கும் ஒன்றுதான். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி வளைத்துப் போடுவதற்குத் தூண்டில் வளைவு என்று பெயர். அரசுக் கோப்பில் இவ்வளவு நல்ல சொல் அபூர்வம். இந்தியத் தமிழில் பாஸ்போர்ட், இலங்கைத் தமிழில் கடவுச்சீட்டு. அங்கே முத்திரை குத்தும் துறையின் பெயர் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம். வருவதற்கும் போவதற்கும் தனித்தனிச் சொல் இருப்பதால் இந்தியாவிலும் அதைக் கடன் வாங்கலாம்.

படி 9: பழைய பாட்டில் ஒரு பயிற்சி

நோட்டு ஓரளவு நிரம்பியதும் சங்கப் பாட்டைத் தொடுங்கள், முன்னாலேயே தொட்டால் பயமுறுத்தும். அகநானூறு 255-இன் தொடக்க வரிகளில் ஒரு முழுக் கடல் பயணம் இருக்கிறது. உலகமே பெயர்ந்து வருவதுபோன்ற வங்கம், அதாவது பெரிய கப்பல். இரவும் பகலும் நிற்காமல் அதை அசைத்துச் செலுத்தும் வங்கூழ், அதாவது காற்று. உயர்ந்த மாடத்தில் எரியும் ஒளியைப் பார்த்துத் துறையின் பக்கம் அறிந்து கலத்தைச் செலுத்தும் நீகான். கப்பல், காற்று, ஓட்டுபவர், கலங்கரை விளக்கம், துறை எல்லாம் சில அடிகளுக்குள்.

அடுத்தது புறநானூறு 30. கூம்பையும் மேல் பாயையும் களையாமல், மேலே ஏற்றிய பாரத்தையும் குறைக்காமல் புகாருக்குள், அதாவது காவிரிப்பூம்பட்டினத்துக்குள், நுழைந்த பெருங்கலத்தைச் சொல்கிறது. மற்ற துறைகளில் பாரத்தை இறக்கிக் கலத்தை மிதக்கவைத்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதும், புகாரின் ஆற்றுமுகம் அந்த அளவு ஆழமாக இருந்தது என்பதும் அதில் அடக்கம். நோட்டில் எழுத வேண்டியது: கூம்பு என்றால் பாய்மரம், பரம் என்றால் பாரம்.

பயணத்துக்கே அந்தக் காலத்துச் சொல் செலவு. செல்வது செலவு. பொருள் தேடக் கிளம்பிய தலைவன் போகாமல் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்றார்கள். இப்போது பணம் போவதற்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். போக்குவரத்துக் கட்டணத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை.

படி 10: கரையில் புழங்கும் மரபுத்தொடர்கள்

கடலைப் பார்க்காதவரும் சொல்பவை இவை. மானம் கப்பலேறியது. கப்பல் கவிழ்ந்ததுபோல் கன்னத்தில் கை வைத்தான். பெண்ணைக் கரைசேர்த்துவிட்டார். ஆழம் பார்க்கிறான். இக்கரைக்கு அக்கரை பச்சை. மாலுமி இல்லாத மரக்கலம் ஓடாது. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதைச் சிலர் பாய்க்கப்பலோடு சேர்த்து விளக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது களத்துமேட்டில் நெல் தூற்றுபவர் பழமொழி, இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

படி 11: எழுதிப் பாருங்கள்

பலரும் எழுதும் ஒரு பத்தி இது: ‘கப்பல் காலையில் பயணத்தை ஆரம்பித்தது. வடக்கு நோக்கிய வாடைக்காற்று வீசியது. கப்பல் மணிக்கு 12 நாட் வேகத்தில் சென்றது. மாலையில் துறைமுகத்தை அடைந்து நங்கூரத்தை வைத்தது.’

இதில் மூன்று இடம் உதைக்கிறது. வாடை வடக்கிலிருந்து வருவது, வடக்கு நோக்கிப் போகாது. நாட்டுக்கு முன்னால் மணிக்கு வேண்டாம். நங்கூரத்தை வைக்க முடியாது. திருத்தினால் இப்படி வரும்: ‘விடியற்காலையில் நங்கூரம் தூக்கினார்கள். வாடை நேர் எதிரே அடித்ததால் அணியம் ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்கியது. 12 நாட் ஓடவேண்டிய கப்பல் 9-ஐத் தாண்டவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. உள்ளே இடமில்லாததால் வெளியிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றார்கள்.’

இப்போது உங்கள் தடத்துக்கு இதேபோல் எட்டு வாக்கியம் எழுதுங்கள். அப்புறம் அதே பயணத்தைத் திருப்பி, சேர்ந்த கரையிலிருந்து கிளம்பிய கரைக்கு எழுதுங்கள். காற்றின் பெயர் அப்படியே இருக்க, பாய்க்கும் சுக்கானுக்கும் உரிய வினைகள் எத்தனை மாறுகின்றன என்று பாருங்கள். புயல் காலம் வந்தால் தினமும் செய்தித்தாளில் துறைமுகச் செய்தியைப் படித்து, தெரியாத வினையை மட்டும் நடுக்கட்டத்தில் சேர்த்துக்கொண்டு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்திலேயே நோட்டில் பக்கங்கள் போதாமல் போகும்.